வைரக் கம்பெனி ஏலத்திற்கு வருகிறது! கூலிப் பாக்கி யார் கணக்கில்?

மும்பையில் ஒரு வைரக் கம்பெனியை ஏலம் போடுகிறார்கள். ஒரே நாளில் அல்ல. ஆண்டுக் கணக்கில், துண்டு துண்டாகப் போடுகிறார்கள். கம்பெனியின் பெயர் கீதாஞ்சலி ஜெம்ஸ். முதலாளியின் பெயர் மெஹுல் சோக்ஸி. இந்தக் கம்பெனியின் 13 சொத்துக்களை விற்பதற்கு 2025 நவம்பரில் மும்பை சிறப்பு நீதிமன்றம் லிக்விடேட்டருக்கு அனுமதி கொடுத்தது. பொரிவிலியில் ஒரு வீடு, பாந்த்ரா-குர்லா வட்டாரத்தில் வைர வியாபாரிகளின் சந்தைக் கட்டிடத்தில் ஓர் அலுவலகம், அதோடு கார் நிறுத்தும் இடம், கோரேகாவில் ஆறு தொழிற்கூடங்கள், இன்னும் வெள்ளிக் கட்டிகள், கற்கள், இயந்திரங்கள். எல்லாம் சேர்த்து மதிப்பு சுமார் 46 கோடி ரூபாய்.

46 கோடி என்றதும் மலைத்துவிட வேண்டாம், தோழர்களே. இந்தக் கம்பெனியின் மீது ஒப்புக்கொள்ளப்பட்ட கடன் 12,000 கோடி ரூபாய்க்கும் மேல். நூறு ரூபாய்க் கடனுக்கு ஐம்பது காசுகூடத் தேறாத ஏலம் இது.

“வைரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் கண்டது நூலும் நெல்லும்தானே” என்று ஆலைத் தொழிலாளி கேட்கலாம், வயலில் நிற்கும் தோழரும் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வைரக் கம்பெனியை எந்தச் சட்டத்தின் கீழ் விற்கிறார்களோ, அதே சட்டத்தின் கீழ்தான் நாளை நூற்பாலையையும் விற்பார்கள், சர்க்கரை ஆலையையும் விற்பார்கள். அந்த ஏலத்தில் கூலிக்காரனுக்கு எந்த வரிசையில் இடம் போட்டிருக்கிறார்கள் என்பதை இந்த ஒரு வழக்கை வைத்தே படித்துக்கொள்ளலாம்.

முதலில் கடன் வந்த கதையைப் பாருங்கள்.

கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்காகக் கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைக்கப் போகிறாள். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறார்கள். தராசில் வைக்கிறார்கள். அழுக்குக்கும் அரக்குக்கும் கழிக்கிறார்கள். பிறகு மதிப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு பல ஆண்டுக் காலம் வைத்திருந்த வரம்பைக் காட்டுகிறார்கள். தவணை தவறினால் நோட்டீஸ் வருகிறது, பத்திரிகையில் எண் வருகிறது, சங்கிலி ஏலத்துக்குப் போகிறது. நூறு ரூபாய்க் கடனில் தொண்ணூறைத் தள்ளிவிட்டேன் என்று எந்த பாங்கும் அவளிடம் சொன்னதாக நாம் கேட்டதில்லை.

சோக்ஸிக்குக் கடன் எப்படிக் கிடைத்தது? மும்பையில் பஞ்சாப் நேஷனல் பாங்கின் பிராடி ஹவுஸ் கிளை, ‘இந்த ஆசாமி வாங்கும் பணத்துக்கு நான் பொறுப்பு’ என்று வெளிநாட்டிலுள்ள இந்திய பாங்குக் கிளைகளுக்குக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தைக் காட்டி வெளியே பணம் வாங்கிக்கொண்டார்கள். பழைய கடிதத்தின் கெடு முடிந்தால் புதுக் கடிதம் வாங்கிப் பழையதை அடைத்தார்கள். இப்படிப்பட்ட கடிதத்துக்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும்; கட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. கடிதம் கம்பியில் போனது, ஆனால் பாங்கின் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. 2018 பிப்ரவரியில் விஷயம் வெளிவந்தது. மார்ச் மாதத்தில் ரிசர்வ் பாங்கு அந்தக் கடித முறையையே நிறுத்திவிட்டது. 2014 முதல் 2017 வரை சோக்ஸியின் கம்பெனிகளால் அந்த ஒரு பாங்குக்கு ஏற்பட்ட நஷ்டம் மட்டும் 6,097 கோடி ரூபாய் என்று அமலாக்கத் துறை கணக்குச் சொல்கிறது. அவருடைய மருமகன் நீரவ் மோடியின் கணக்கு இதில் சேராது, அது தனிப் புராணம்.

ஒருத்திக்கு அரைப் பவுன் சங்கிலியை உரசிப் பார்த்தால்தான் பணம். இன்னொருவருக்குக் காகிதமே போதும்! தங்கம் விற்பவரிடம் தங்கத்தை ஈடாகக் கேட்காத பாங்கு, தங்கத்தை அணிந்தவளிடம் மட்டும் கேட்கிறது.

நம் ஊரில் திவாலானவனைப் பற்றி ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்பார்கள். கடுதாசி கொடுத்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊரில்தான் இருப்பான். கடன்காரர்கள் அவனைத் திண்ணையில் கண்டு நாலு வார்த்தையாவது கேட்பார்கள். இந்தக் காலத்து மஞ்சள் கடுதாசிக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. 2017-லேயே ஆன்டிகுவா என்ற தீவு நாட்டில் குடியுரிமை; 2018 ஜனவரியில் பயணம்; பிப்ரவரியில் விஷயம் அம்பலம். 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் பிடித்தார்கள். இந்தியாவுக்கு அனுப்பக் கூடாது என்ற அவரது மேல்முறையீட்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் தள்ளியது.

முதலாளி போனபின் கம்பெனியில் வேலை செய்தவர்கள் கதி என்ன? 2018 பிப்ரவரியிலேயே அவர்களுக்குச் சோக்ஸியிடமிருந்து கடிதம் வந்தது. கணக்குகள் முடக்கப்பட்டுவிட்டன, பாக்கியைக் கொடுக்க இயலாது, வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். பாங்கு கொடுத்த கடிதத்துக்கு ஆயிரம் ஆயிரம் கோடி மதிப்பு. தொழிலாளிக்கு வந்த கடிதத்துக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்காது. ஐதராபாத் அருகே ரங்காரெட்டி மாவட்டத்தில் இந்தக் கூட்டத்தாருக்கு வைரத் தொழில் பேட்டை ஒன்று இருந்தது; பரப்பு 170 ஏக்கர். அதையும் 2018 மார்ச்சில் அமலாக்கத் துறை முடக்கியது. 170 ஏக்கரில் எத்தனை குடும்பம் பிழைக்கும் என்பதை நிலத்தில் உழைப்பவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஏலத்துக்கு வருவோம்.

2016-ல் மத்திய சர்க்கார் புதிய திவால் சட்டம் கொண்டுவந்தது. பழைய முறையில் வழக்கு இருபது ஆண்டு இழுக்கிறது, இது சடுதியில் முடியும் என்றார்கள். கம்பெனி கடனைக் கட்டவில்லை என்றால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனு. மனு ஏற்கப்பட்டதும் நிர்வாகம் முதலாளி கையைவிட்டுப் போகும். கடன் கொடுத்தவர்களின் குழு கூடி, கம்பெனியை வாங்க யாராவது வருகிறார்களா என்று பார்க்கும். வந்தால் கைமாறும், வராவிட்டால் லிக்விடேட்டர் வந்து சாமான் சாமானாக விற்பார். எல்லாம் முடிய 330 நாள் என்று 2019-ல் கெடுவும் வைத்தார்கள்.

கீதாஞ்சலி மீது ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கு போட்ட மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றது 2018 அக்டோபரில். கலைக்க உத்தரவு வந்தது 2024 பிப்ரவரியில். 330 நாள் எங்கே, ஐந்தேகால் ஆண்டு எங்கே? பூட்டிய ஆலைக்குள் ஸ்பிண்டில் துருப்பிடித்ததைக் கோவையில் கண்ணால் கண்டவர்களுக்கு இந்த ஐந்தேகால் ஆண்டின் விலை தெரியும். சும்மா கிடந்தால் மதிப்புக் குறையும் என்று நீதிமன்றமே 2025-ல் அனுமதி கொடுக்கும்போது சொல்லிற்று. சொன்னது சரி, ஏழாண்டு கழித்துச் சொன்னதுதான் சங்கடம்.

ஏன் இவ்வளவு காலம்? சொத்துக்கு இரண்டு பூட்டு. திவால் சட்டப்படி லிக்விடேட்டர் கையில் ஒரு சாவி. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அமலாக்கத் துறை கையில் ஒரு சாவி. அத்துறை 136 இடங்களைச் சோதித்து 597.75 கோடி ரூபாய்ப் பொருளைக் கைப்பற்றியது, 1,968.15 கோடி ரூபாய்ச் சொத்தை முடக்கியது. இரண்டும் சேர்ந்தால் 2,565.90 கோடி. பாங்குகளும் துறையும் சேர்ந்து கேட்டபின், 2024 செப்டம்பரில்தான் இதை மதிப்பிட்டு விற்கச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. விற்ற பணம் பாங்கில் நிரந்தர வைப்பாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2024 டிசம்பர் வரை லிக்விடேட்டர் கைக்கு வந்தவை 125 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட சொத்துக்கள்: சாந்தாகுரூஸில் சில வீடுகள், சீப்ஸ் என்ற ஏற்றுமதி மண்டலத்தில் இரண்டு தொழிற்கூடங்கள். 2025 நவம்பரில் அது 310 கோடி ஆனது. இடையே 2020 ஜூனில் ஹாங்காங்கிலிருந்து நீரவ் மோடி, சோக்ஸி இருவரின் கம்பெனிகளுக்கும் சேர்ந்த வைரம், முத்து, வெள்ளி நகை 2,340 கிலோ திரும்பக் கொண்டுவரப்பட்டது. சொல்லப்பட்ட மதிப்பு 1,350 கோடி ரூபாய். (நாம் அரிசியைத்தான் கிலோவில் அளந்து பார்த்திருக்கிறோம்!)

சொல்லப்பட்ட மதிப்பு வேறு, ஏலத்தில் கிடைக்கும் விலை வேறு. நகைக் கடைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் செய்கூலி, சேதாரம் தெரியும். வாங்கும்போது பொன்னின் விலைக்கு மேல் இரண்டையும் ஏற்றுவார்கள். அதே நகை திவாலான கம்பெனியின் அலமாரியிலிருந்து ஏலத்துக்கு வந்தால், வாங்குகிறவன் உருக்கினால் எவ்வளவு பொன் என்று மட்டும் பார்ப்பான். பட்டறையில் பத்தர் ஊதுகுழலை ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலைக்கு விலை சூனியம். கல்லின் கதை இன்னும் மோசம். பொன்னுக்குச் சந்தையில் நாள்தோறும் விலை உண்டு. கல்லுக்கு விற்றவன் எழுதிய சீட்டுத்தான் விலை. கடன் வாங்கும்போது சீட்டில் பெரிய எண்ணை எழுதுவார்கள், ஏலத்தில் அந்த எண் கரைந்துவிடும்.

ஏல விதியும் சரக்கின் விலை இறங்க இடம் கொடுக்கிறது. இரண்டு மதிப்பீட்டாளர்கள் சொன்ன விலைகளின் சராசரியை வைத்துக் குறைந்தபட்ச விலை போடுவார்கள். அந்த விலைக்கு ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து வரை குறைக்கலாம். அதற்கும் வராவிட்டால் ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்தாக இறக்கலாம். காத்திருந்தால் மலிவு என்பது பணம் உள்ளவனுக்குத் தெரியும். பழைய முதலாளியோ அவரது நெருங்கிய கூட்டமோ ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று ஒரு தடை இருக்கிறது. நல்ல தடை. பினாமி என்ற சொல் நம் நாட்டில் எல்லா மொழியிலும் புழங்குவதால், தடையைக் காவல் காக்கவும் ஆள் வேண்டும்.

விற்ற பணம் வந்தது. யாருக்கு முதல்? இந்த இடத்தைத் தோழர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

திவால் சட்டத்தின் 53-வது பிரிவு பந்தி போடுகிறது. முதல் இலை, திவால் நடவடிக்கைச் செலவுக்கு: லிக்விடேட்டர், வக்கீல், மதிப்பீட்டாளர், காவல், விளம்பரம். இரண்டாவது இலையில் இருவர் உட்காருகிறார்கள். சொத்தை ஈடாகப் பெற்று, அந்த ஈட்டைத் தனியே விற்காமல் பொதுவில் விட்டுவிட்ட பாங்குகள் ஒருவர். தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி மற்றவர். தொழிலாளர் என்ற விளக்கத்துக்குள் வராத மற்ற ஊழியர்களுக்கு மூன்றாவது இலை, அதுவும் 12 மாதப் பாக்கிக்கு மட்டும். பிறகு ஈடின்றிக் கடன் கொடுத்த நிதி ஸ்தாபனங்கள், பிறகு சர்க்கார் வரி, பிறகு மிச்சமுள்ள கடன்கள். கடைசியில் பங்குதாரர்கள்.

பாங்குக்குச் சமமாகத் தொழிலாளியை உட்கார வைத்திருக்கிறார்களே, நல்லதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனியில் பாங்குக் கடன் 95 கோடி, தொழிலாளர் பாக்கி 5 கோடி என்று வைத்துக்கொள்வோம். சொத்து விற்றுச் செலவு போக நின்றது 10 கோடி. சமமாகப் பங்கு என்றால் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் இருவருக்கும். பாங்குக்கு ஒன்பதரைக் கோடி, தொழிலாளர் எல்லோருக்கும் சேர்த்து ஐம்பது லட்சம். ஒரு லட்சம் பாக்கி உள்ளவர் பத்தாயிரத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாங்கு மீதியை நஷ்டக் கணக்கில் எழுதும், சர்க்கார் அதற்கு மூலதனம் கொடுக்கும், அந்த மூலதனம் நம் வரியிலிருந்து போகும். தொழிலாளி மீதியை எந்தக் கணக்கில் எழுதுவார்? மளிகைக் கடைக் கணக்கில்தான்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் 24 மாதம் என்ற சொற்களில் ஒளிந்திருக்கிறது. எந்த 24 மாதம்? கம்பெனியைக் கலைக்கும் உத்தரவு தேதிக்கு முந்திய 24 மாதம் என்று 2016-ல் சட்டத்தில் எழுதினார்கள். கீதாஞ்சலிக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். உத்தரவு 2024 பிப்ரவரி. முந்திய 24 மாதம் என்றால் 2022 பிப்ரவரி முதல். கம்பெனி சாய்ந்ததோ 2018 பிப்ரவரி! வாசகத்தை அப்படியே பிடித்துக்கொண்டால், 2017-லும் 2018-லும் வேலை செய்து சம்பளம் வராதவரின் பாக்கி இந்த இரண்டாவது இலையில் ஏறாது. ‘மிச்சமுள்ள கடன்கள்’ என்ற கடைசி வரிசைப் பக்கம் தள்ளப்படும். வழக்கை இழுத்தது தொழிலாளியா? இரண்டு பூட்டுப் போட்டது தொழிலாளியா? தாமதம் செய்தவர்கள் வேறு, தண்டம் கட்டுகிறவர் வேறு.

சரி, இடைப்பட்ட காலத்துச் சம்பளமாவது? திவால் நடவடிக்கை நடந்த காலத்துச் சம்பளத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்து முதல் இலையிலேயே கொடுக்க வேண்டும் என்று ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் கம்பெனித் தொழிலாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கம்பெனி ஓடிக்கொண்டிருந்து, அதில் உண்மையில் வேலை செய்திருந்தால்தான் அப்படிச் சேரும் என்றார்கள். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வேலை செய்தாயா என்று கேட்டால் வெளியே நிற்பவர் என்ன பதில் சொல்ல முடியும்? பிராவிடண்ட் நிதி, கிராஜுவிட்டி, பென்ஷன் நிதி ஆகியவை ஏலப் பணத்தில் சேராத தனிச் சொத்து என்பதை அதே தீர்ப்பு உறுதி செய்தது. அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வரிசையே அநியாயம், பழைய கம்பெனிச் சட்டத்திலிருந்த பாதுகாப்பு எங்கே போயிற்று என்று மோசர் பேயர் கம்பெனித் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்த மனுவைத் தள்ளிவிட்டது.

அமெரிக்காவைப் பார்க்கச் சொல்லி நமக்கு அடிக்கடி உபதேசம் செய்வார்கள். இந்த விஷயத்தில் பார்ப்போம். இதே கீதாஞ்சலிக்கு அங்கே சாமுவெல்ஸ் என்ற நகைக் கடைக் கம்பெனி சொந்தமாக இருந்தது. சுமார் 120 கடைகள். 2018 ஆகஸ்டில் அது டெலவேர் மாநிலத் திவால் கோர்ட்டில் மனுப் போட்டது. கோர்ட்டின் பார்வையில் கடை மூடும் விற்பனை நடத்தினார்கள். கடை ஊழியர்களுக்கு அங்கேயும் வேலை போயிற்று. முதலாளித்துவ நாட்டுக் கோர்ட் பூமாலை போடவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மனுப் போட்ட தேதிக்கு முந்திய 180 நாள் சம்பளத்துக்கு, ஆளுக்கு 12,850 டாலர் வரை, ஈடின்றிக் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் இடம் என்பது அப்போது அந்நாட்டுச் சட்டம். ஈடு வைத்துக் கொடுத்தவர்கள் அதற்கும் முன்னால்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது தேதியை. மனுத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். வழக்கு எத்தனை ஆண்டு இழுத்தாலும் தொழிலாளி வேலை செய்த மாதங்கள் கணக்கைவிட்டு நழுவாது. முதலாளிகளின் சொர்க்கத்தில் இருக்கிற இந்த ஒரு வரியை இங்கே எழுத என்ன தடை?

நகைத் தொழிலுக்கே உரிய இன்னொரு கொடுமையும் இருக்கிறது. சூரத்தில் வைரம் தீட்டுகிறவர்களில் மிகப் பலர் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். நம் ஊர் நகைப் பட்டறைகளிலும் அப்படித்தான். மேஸ்திரிக்கும் முதலாளிக்கும் கணக்கு, மேஸ்திரிக்கும் ஆளுக்கும் கணக்கு. கையில் சீட்டு இல்லை, பதிவேட்டில் பெயர் இல்லை. பெரிய கம்பெனி சாய்ந்தால் இவர்கள் எந்த இலையிலும் இல்லை. பந்தலுக்கு வெளியே நிற்கிறார்கள். விசைத்தறிக் கூடத்திலும் காண்டிராக்ட் முறையிலும் பாடுபடுகிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

கடைக்கு மாதச் சீட்டுக் கட்டியவர்களை விட்டுவிடக் கூடாது. பதினோரு மாதம் கட்டுங்கள், செய்கூலியில் தள்ளுபடி என்று நகைக் கடைகள் சொல்வது நம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். ஏன் பதினோரு மாதம்? சரக்குக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் அது ‘டெபாசிட்’ ஆகிவிடும் என்பது 2014-ம் ஆண்டுக் கம்பெனி விதி. டெபாசிட் என்றால் ஆயிரம் கட்டுப்பாடு. அதைத் தாண்டத்தான் பதினோரு மாதம். முதலாளிக்கு வட்டியில்லாத மூலதனம். கட்டினவர்களுக்கு ஒரு மஞ்சள் அட்டை. 2017-ல் சென்னையில் பெயர்பெற்ற நகைக் கடை ஒன்று கதவைச் சாத்தியபோது அட்டையோடு வாசலில் நின்றவர்களைத் தமிழ்நாடு கண்டது. ஈடு வாங்காத அட்டைக்காரர்களுக்குத் திவால் வரிசையில் இலை பின்னால்தான். ஒன்று சொல்லலாம்: 1997-ம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒரு சட்டம் நம்மிடம் இருக்கிறது. சொத்தை முடக்கி, தனி கோர்ட் மூலம் விற்று, கட்டினவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அது வழி செய்கிறது. வீதியில் கூடி வற்புறுத்தினால் அது கொஞ்சம் அசையும்.

இந்த ஏலமெல்லாம் யாருடைய பார்வையில் நடக்கிறது? கடன் கொடுத்தவர் குழுவில் பாங்குகளுக்கு வோட்டு. தொழிலாளர் பாக்கி மொத்தக் கடனில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் ஒரு பிரதிநிதி உள்ளே உட்காரலாம், வோட்டு கிடையாது. 12,000 கோடிக் கடனில் பத்தில் ஒரு பங்கு 1,200 கோடி. அத்தனை கோடி கூலிப் பாக்கி எந்தப் பட்டறையில் சேரும்?

ஒரு காலத்தில் சுப்ரீம் கோர்ட் வேறு விதமாகவும் பேசியதுண்டு. சென்னை ஐகோர்ட்டிலிருந்து போன வழக்கு அது. கம்பெனியைக் கலைக்கும் மனுவில் தொழிலாளிக்குப் பேச உரிமை உண்டா என்பது கேள்வி. பங்குதாரருக்கும் கடன்காரருக்கும்தான் உரிமை என்று முதலாளி பக்கத்தில் வாதாடினார்கள். தேசியப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 1982 டிசம்பர் 10-ல், ஐந்து நீதிபதிகளில் மூவர், தொழிலாளியின் வாழ்வு போகும் வழக்கில் தொழிலாளியைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். பஞ்சாலைத் தொழிலாளியின் சங்கம் வாங்கிய உரிமை அது. 2019 ஏப்ரலில் கான்பூர் சணல் ஆலை வழக்கில், கூலிப் பாக்கிக்காகத் தொழிற்சங்கமே திவால் மனுப் போடலாம் என்றும் அதே கோர்ட் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே, 2020 மார்ச்சில், மனுப் போடப் பாக்கி குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும் என்று சர்க்கார் வரம்பை உயர்த்திவிட்டது. அதற்கு முன் ஒரு லட்சமாக இருந்தது. கொடுத்த கையே பிடுங்கியது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மிகப் பெரிய புரட்சித் திட்டமல்ல, கணக்கில் நியாயம். கூலிப் பாக்கி முழுவதும், பாங்குக்குச் சமமாக அல்ல, பாங்குக்கு முன்னால் தீர்க்கப்பட வேண்டும். 24 மாதத்தை மனுத் தேதியிலிருந்தாவது எண்ண வேண்டும். கடன் கொடுத்தவர் குழுவில் சங்கத்துக்கு வோட்டோடு இடம் வேண்டும். அமலாக்கத் துறை முடக்கிய சொத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘பாதிக்கப்பட்டவர்’ என்றால் பாங்கு மட்டும் என்று முடிவுகட்டக் கூடாது. நஷ்டப்பட்ட, நியாயமான உரிமையுள்ளவர் கேட்கலாம் என்றுதான் பணமோசடிச் சட்டத்தில் இருக்கிறது. கூலி வாங்காதவருக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்வது யார்?

சட்டம் மாறும் வரை கையிலிருப்பதைப் பயன்படுத்த வேண்டும். எந்தக் கம்பெனி மீது திவால் மனு ஏற்கப்பட்டாலும் பத்திரிகையில் பொது அறிவிப்பு வரும். அது முதலில் 14 நாள் கெடு. கலைப்பு உத்தரவுக்குப் பிறகு வரும் அறிவிப்புக்கு 30 நாள் கெடு. அதற்குள் பாக்கிக் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே போக வேண்டியதில்லை. எல்லோருக்குமாக ஒரு பிரதிநிதி ஒரே மனுவாகக் கொடுக்கலாம். சம்பளச் சீட்டு, வருகை அட்டை, பிராவிடண்ட் நிதி எண், பாங்குப் புத்தகத்தில் சம்பளம் ஏறிய பக்கம், இவற்றின் நகல் இருந்தால் லிக்விடேட்டர் தட்டிக் கழிக்க முடியாது. பிராவிடண்ட் நிதியும் கிராஜுவிட்டியும் தனிக் கணக்கு என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். காண்டிராக்டில் வேலை செய்தவர்கள் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தையாவது படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும், பூட்டு விழுந்த பிறகு நோட்டு கிடைக்காது. மனுவின் நகலில் தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்கிச் சங்க ஆபீசில் ஒரு பிரதி வையுங்கள்.